உன் கல்யாணத்தில் நான் வாசிக்க மாட்டேன்

தம்பி,

நீ போனில் அனுப்பியிருந்த கல்யாணப் பூசைப் புத்தகத்தின் மாதிரியைப் பார்த்தேன். அட்டையில் உங்கள் இருவர் பெயரும் அழகாக இருக்கின்றன. உள்ளே, தாலி கட்டி முடிந்ததும் பாடுகிற பாட்டுக்கு மேலே, "சொல்லும் இசையும் கீபோர்டும்: மணமகனின் தாயார்" என்று போட்டிருக்கிறாய். உன் நைனாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சொல்லும் இசையும் இருக்கட்டும். கீபோர்டு என்கிற சொல்லை மட்டும் அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடு. உன் கல்யாணத்தில் நான் வாசிக்க மாட்டேன். முடியாது. இனிமேல் எங்கேயும் முடியாது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பேச விடமாட்டாய். "ஒண்ணும் ஆவாதும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று ஆரம்பித்துவிடுவாய். பார்த்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை என்று புரியவைக்கத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ விட்டுப்போன லேப்டாப்பில் ஒரு விரலால் தட்டுகிறேன். காலையில் மாத்திரை வேலை செய்கிற கொஞ்ச நேரம் கை ஓரளவு சொல்பேச்சு கேட்கிறது. அப்போதும் ஓர் எழுத்தைத் தட்டினால் மூன்றாக விழுகிறது. அழித்துவிட்டு மறுபடி தட்டுகிறேன். பல காலைகளில் எழுதிய கடிதம் இது. ஓரிடத்தில் கோபமாகவும் ஓரிடத்தில் சாதாரணமாகவும் இருந்தால், அந்தந்தக் காலையின் குணம் என்று எடுத்துக்கொள்.

போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீ அந்தக் கறுப்புக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதற்கென்று சொந்தமாகச் சத்தம் கிடையாது, லேப்டாப்பில் சொருகினால்தான் வரும் என்றதும் உன் நைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சத்தம் வராத கீபோர்ட இன்னாத்துக்குடா பெங்களூர்லேர்ந்து தூக்கினு வந்தே?" என்றார். நீ ஒயரைச் சொருகி ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தாய். நான் வாசிக்க வாசிக்கத் திரையில் ஐந்து கோடுகளின் மேல் சுரங்கள் தாமாக ஏறி உட்கார்ந்தன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குக் கிட்டே உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கோட்டுக் குறியீட்டைப் படிக்கத் தெரியாது. நான் படித்த கன்னியர் விடுதியில் ஒரு சிஸ்டர் ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டியதைக் காதால் பிடித்துக்கொண்டவள் நான். நம் கோயிலில் இத்தனை வருடம் வாசித்ததும் காதை நம்பித்தான். உங்கள் ஊர்ப் பாடகர் குழுவோ தாளில் எழுதிக் கொடுக்காவிட்டால் வாயைத் திறக்காத கூட்டம். உனக்கு வரப்போகிற பெண்ணும் அதில் ஒருத்தி. உன் கல்யாணத்துக்கென்று நான் கட்டிய பாட்டை அவர்கள் பாட வேண்டும், நடுவில் உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும் என்பது உன் ஆசை. எனக்கும் அதே ஆசைதான், மறைப்பானேன். யார் முன்னாலும் பெருமையடிக்காதவள் மாதிரி இருந்தேனே தவிர, என்ன சேலை கட்டுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

உனக்கும் கீபோர்டுக்கும் உள்ள உறவு எப்படித் தொடங்கியது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருக்க மாட்டாய். சின்னப்பையனாக என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். ஒரு ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு எல்லோரும் கண்ணை மூடி முழங்காலில் இருந்த நேரத்தில், டெமோ என்று போட்டிருந்த பொத்தானை அழுத்திவிட்டாய். கோயில் முழுக்க டிஸ்கோ. எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. பூசை வைக்கிற சாமியார் பீடத்திலிருந்து பார்க்கிறார், நீ பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாய், கடைசியில் உன் நைனா எழுந்து வந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பூசை முடிந்ததும் உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். "அவன் கை வெச்சான், அது வாசிச்சிச்சு. உன் கைமேல உள்ள கோவத்த அவங்கிட்ட காட்டாத" என்றார். அந்தப் பேச்சுக்கு அன்றைக்கு எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. இன்றைக்கும் அவருக்கே விளங்கியிருக்காது.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் உனக்கும் எனக்கும் சண்டை வந்தது கிளிக்கால்தான். பதிவு செய்யச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் டக் டக் என்று தாளம் ஓடத் தொடங்கும். அதோடு சேர்ந்து வாசித்தால்தான் சாஃப்ட்வேருக்குக் கணக்குப் புரியும் என்றாய்.

"இந்த டக் டக்கு எங்கனா நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்காதும்மா."

"அப்போ ஜனங்க எப்போ மூச்சு வாங்குவாங்க?"

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. நம் கோயிலில் அடி முடிகிற இடத்தில் கீபோர்டு நிற்கும். பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் வந்து சேரும்வரை கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் பிடித்திருப்பேன். ஆண்கள் எப்போதும் பின்னால்தான் வருவார்கள். ஏரியில் மீன் பிடிக்கப் போய் ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, எதையும் இழுத்துத்தான் முடிக்கும். அவர்களை விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போக எனக்குத் தெரியாது. அதனால் உன் கிளிக் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் நிற்பேன்.

நீ ஊருக்குப் போனபின் நானும் உன் நைனாவும் தினமும் உட்கார்ந்தோம். அவர் வலை வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்து சிவப்புப் பொத்தானை அழுத்துவார். நான் வாசிப்பேன். திரையைப் பார்த்தால் எறும்பு மொய்த்தது போலப் பொடிப்பொடியான சுரங்கள். ஒரு சுரம் வர வேண்டிய இடத்தில் நாலைந்து. அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினோம். "நீ அடி முடியிற எடத்துல நிக்கிறல்லம்மா, அதான் கொழம்புது" என்றாய். நானும் அப்படியே நம்பினேன். நம்பச் சுலபமான காரணம் கிடைத்தால் அதற்குமேல் யார் தேடுகிறார்கள்? உனக்கும் கல்யாணத்துக்குப் பின் இது நடக்கும். அந்தப் பெண் பேச்சைக் குறைப்பாள், வேலை ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்வாய். நீ எரிந்து விழுவாய், தூக்கம் போதவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். முதலில் கைக்கு வந்த காரணத்தோடு நின்றுவிடாதே. கூட ஒரு கேள்வி கேள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்திமதி.

பிறகு நீ குரல் பதிவு ஒன்று அனுப்பினாய். "அம்மா, ஒரே ஒரு கட்டைய அமுக்கி, நாலு எண்ற வரைக்கும் எடுக்காம புடி. முட்ட மாரி ஒண்ணே ஒண்ணு வரணும். நெறைய வந்துச்சின்னா கீபோர்டு போச்சுன்னு அர்த்தம்" என்று. செய்து பார்த்தேன். ஒரு விரல், ஒரு கட்டை, வேறு எதையும் தொடவில்லை. திரையில் பொடி வரிசையாகக் கொட்டியது. மறுபடி செய்தேன். மறுபடியும் பொடி. "கீபோர்டுதான் கெட்டுப்போச்சு" என்று சொல்லி நிம்மதியாக எழுந்தேன். உன் நைனா, "இரு, நானும் ஒருவாட்டி அமுக்கிப் பாக்கறேன்" என்றார். பிறந்ததிலிருந்து கீபோர்டைத் தொடாத மனுஷன். நைலான் கயிறு அறுத்துத் தழும்பேறிய விரலை, என் விரல் இருந்த அதே கட்டையில் வைத்து, வாய்விட்டு நாலு எண்ணினார். ஒரே ஒரு முட்டை. கோட்டின்மேல் சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் விரலை எடுத்து, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நான் அமுக்குனது செரியில்ல போல. நீ இன்னொருவாட்டி அமுக்கு" என்றார். நான் அமுக்கவில்லை. சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே என் வலது கையை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். சும்மா கிடந்த கை ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நாளாக என்று தெரியாது. தண்ணீர் தளும்பினால் டம்ளரைக் குறை சொல்லியிருக்கிறேன், கோலம் கோணினால் மாவைக் குறை சொல்லியிருக்கிறேன். உனக்கு என்ன பதில் சொல்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோதே கீபோர்டுதான் போச்சு என்று நீயே முடிவு கட்டி, வேறொன்று வாங்கிக் கூரியரில் அனுப்பிவிட்டாய். அதையும் பிரித்துச் சொருகினோம். அதுவும் பொடியாகவே எழுதியது. உன் பழைய கீபோர்டில் ஒரு குறையும் இல்லை, தம்பி. இரண்டுமே நல்ல கீபோர்டுகள்.

பொன்னேரியில் காட்டினோம். அவர்கள் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், கையைத் திருப்பச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். உன் நைனா, "தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்றார். "நடுக்குவாதம்."

"எப்போ செரியாவும்?"

"சரியாகாதுங்க. மாத்திரை போட்டா கொஞ்ச காலம் கட்டுக்குள்ள இருக்கும். அப்புறம் மாத்திரையைக் கூட்டணும்."

"கீபோர்டு வாசிக்கலாமா?" என்று கேட்டேன். தாராளமாக வாசிக்கலாம், விரலுக்கு நல்லது என்றார். நான் என்ன கேட்டேன் என்று அவருக்குப் புரியவில்லை.

திரும்பும்போது ரயிலில் நானும் உன் நைனாவும் சண்டை போட்டோம். ஏரியில் வலை போடுகிற இடத்தை நம் ஆட்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வது உனக்குத் தெரியும். இன்று ஒருவர் முறை, அவர் முடித்து எழுந்தால் அடுத்தவர் முறை. உன் நைனாவுக்கு அந்த முறைதான் வேதம். நீ பிறந்த அன்று அவருடைய முறை. பிள்ளை பிறந்தாயிற்று என்று ஆள் போய்ச் சொல்லியும் வலையை விட்டு வரவில்லை. எல்லாம் முடித்து விடிந்தபின் வந்து உன்னை எட்டிப் பார்த்து, "மூஞ்சி என்ன மாரியே இல்லியே" என்றார். அந்தக் கோபம் எனக்குப் பல மாதம் இருந்தது. அப்படிப்பட்டவர், ரயில் மீஞ்சூர் தாண்டும்போது என்னைத் தேற்ற நினைத்து, "முறை முடிஞ்சா வலைய எடுத்துனு வந்துடறோம்ல. அடுத்தவன் போடறான். அந்த மாரி நெனச்சிக்கோ" என்றார்.

"உனுக்கு முறை திரும்பி வரும். எனக்கு இன்னா வரும்?" என்று கத்திவிட்டேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை, நான் கேட்டதிலும் தப்பில்லை. அன்றிலிருந்து என்னைத் தேற்ற அவர் எதுவும் சொல்வதில்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் இதெல்லாம் சொல்லாததால், எனக்குக் கிளிக் ஒத்துவரவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டு நீ வேறொரு வழி காட்டினாய். தாளமே வேண்டாம். சுரத்தின் நீளத்தை மவுஸால் தேர்ந்தெடுத்துவிட்டுக் கட்டையை அமுக்கினால் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளும். உன் பாட்டு எழுதி முடிந்தது அப்படித்தான். உன் நைனா மவுஸைப் பிடித்தார், நான் அமுக்கினேன். என் விரல் ஆடி இரண்டு மூன்றாக விழுந்தால், "இது பொடி, வாணாம்" என்று அவர் அழித்துவிடுவார். சின்ன மீனை வலையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விடுகிற அதே முகம். இரண்டாம் அடிக்கு வருவதற்குள் எது எவ்வளவு நீளம் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடி முடிகிற இடத்தில்தான் தகராறு. எவ்வளவு நேரம் நிற்பது என்று சாஃப்ட்வேர் கேட்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பாடுகிறவர்களைப் பார்த்தால்தானே தெரியும்? உன்னைக் கேட்டோம். கண் மாதிரி ஒரு குறி இருக்கிறது, அதைப் போட்டால் வேண்டிய மட்டும் நிற்கலாம் என்றாய். நான் இத்தனை வருடம் செய்துவந்ததற்கு உலகத்தில் ஒரு குறி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

எழுதி முடித்ததை லேப்டாப்பே வாசித்துக் காட்டியது. ஒரு பிசகு இல்லை. அதைக் கேட்டதும் உன் நைனாவுக்கு ஒரு யோசனை வந்தது. "கல்யாணத்துல நீ சும்மா கீபோர்டு முன்னால ஒக்காரு. சத்தத்த நிறுத்திட்டு கைய மட்டும் வையி. லேப்டாப்பு வாசிக்கட்டும். எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார். கோபப்பட்டிருக்க வேண்டும். நான் படவில்லை. ஒத்திகை பார்த்தேன். முன்னறையில் உட்கார்ந்து, சத்தமில்லாத கட்டைகளின்மேல் கையை வைத்துக்கொண்டேன். அவர் பெரிய ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டார். முதல் அடி, இரண்டாம் அடி. உன் கல்யாணப் பூசையில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு சகாயமேரி நண்டுக் கூடையோடு வாசலைக் கடந்தாள். அவளைத் தெரியும் உனக்கு, பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். உள்ளே எட்டிப் பார்க்காமலே, "இன்னாக்கா, பழைய மாரி வாசிக்கிறே. கை செரியாப் போச்சா?" என்று கேட்டாள்.

உன் நைனா பாட்டை நிறுத்தினார். நான் வாசலுக்குப் போய், "என் கைக்கு இன்னான்னு உனுக்கு யாரு சொன்னது?" என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "யாரும் சொல்லலக்கா. கோயில்ல தெரியாதா? ரெண்டு வருஷமா உன் கை எங்க தடுமாறுதோ அங்க நாங்க இழுத்துப் பாடி நின்னுக்கறோம். நீ வந்து சேந்ததும் போறோம். ஆம்பளைங்ககிட்டயும் சொல்லி வெச்சிக்கிறோம். நீ மனசுல ஒண்ணும் வெச்சிக்காத" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

தம்பி, அவர்கள் வந்து சேரட்டும் என்று நான் காத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுதோறும் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தை நான்தான் இழுத்துப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரே என்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அந்த ஞாயிறே சாமியாரிடம் போய் இனி முடியாது என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் இல்லை. பென் டிரைவில் பாட்டுப் போடுகிறார்கள். அது எங்கேயும் நிற்பதில்லை. ஆண்கள் பாதி அடியிலேயே விட்டுவிடுகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஜெபம் பண்ணாமல் இல்லை. நீ கேட்பாய் என்றுதான் சொல்கிறேன். பண்ணினேன். பதில் ஒன்றும் வரவில்லை. உன் பெரியம்மா காட்டூரிலிருந்து ஏதோ எண்ணெய் கொடுத்தனுப்பினாள், அதையும் தேய்த்தேன். நீயும் போனில் எதையாவது தேடி எடுத்து, இதைச் சாப்பிடு, அதைச் செய் என்று அனுப்பாதே. வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்றும் சொல்லாதே. நீ வந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நிற்கப் போவதில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற பேச்சே வேண்டாம். தள்ளிப்போட்டால் நான் இன்னும் மோசமாகத்தான் வந்து நிற்பேன்.

அந்தப் பெண்ணிடம் இதை நீயே சொல். கல்யாணத்துக்குப் பின்னால் தெரியட்டும் என்று விடாதே. பாட்டை அவர்கள் ஊர் ஆள் யாராவது வாசிக்கட்டும், அவர்கள் தாளைப் பார்த்துச் சரியாகவே வாசிப்பார்கள். எனக்கு முன்னால் கீபோர்டு எதையும் வைத்து, கடைசி நேரத்தில் கூப்பிட்டு, எல்லோரையும் கைதட்ட வைக்காதே. உன் நைனா பக்கத்தில் எனக்கொரு நாற்காலி போதும்.

ஒன்று மட்டும் நான்தான் செய்தாக வேண்டும். அதற்கு வேறு ஆள் வைக்க முடியாது. கோயிலுக்குப் புறப்படுமுன் நீ எங்கள் முன்னால் முழங்காலில் நிற்பாய். முதலில் உன் நைனா உன் நெற்றியில் சிலுவை போடுவார், பிறகு நான். என் விரல் உன் நெற்றியில் ஓரிடத்தில் நிற்காது, கோடு கோணலாகப் போகும், முடிக்க நேரம் ஆகும். போட்டோ எடுக்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்தப் பெண்ணின் ஆட்கள் பார்ப்பார்கள். உனக்கு என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருக்கும். பிடிக்காதே தம்பி. நான் முடிக்கும்வரை அப்படியே இரு.

உன் அம்மா